ஆபரேஷன் மேசையில் கூவிய ஏலம்

என் பெயர் செல்வராணி. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவள். மைக் இல்லாமலே என் குரல், நான் சாட்சி சொல்ல நிற்கிற இந்த மாதா கோவிலின் கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஆனால் போன தவக்காலத்தில் அந்தக் குரலில் அழுகைதான் வந்தது.

ஏலத்திடலில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். கழுத்தடியில் இருக்கிற காறை எலும்பு இரண்டாக உடைந்து, தோலைக் குத்திக்கொண்டு நின்றது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஐயோ, வலியைவிட ஆபரேஷன் என்ற சொல்தான் என்னைக் கொன்றது. என் வீட்டுக்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்கு உள்ளே போனவர், மயக்கம் தெளியாமலே போய்ச் சேர்ந்தார். எனக்கோ எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வளர்ந்து, தீராத மூச்சிரைப்பு, வீசிங். நான் எங்கே எழுந்திருக்கப் போகிறேன்? என் மகள் மேரிக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வார்டில் அழுது தீர்த்தேன். "ஆண்டவரே, என்னை எழுப்பிவிடும்." வேறு ஜெபமே வரவில்லை.

மறுநாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து நெஞ்சைச் சோதித்தார்.

"உங்க நுரையீரலுக்கு முழு மயக்கம் வேணாம்மா. கழுத்துலயும் எலும்ப ஒட்டியும் ஊசி போட்டு, அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம். நீங்க முழிச்சிகிட்டேதான் இருப்பீங்க."

"இன்னாம்மா சொல்ற? எலும்புல துளை போடசொல்ல நான் முழிச்சிக்கினு கெடக்கணுமா?" என்று கத்திவிட்டேன்.

"வலிச்சா சொல்லுங்க, உடனே நிறுத்திடறோம்" என்று சிரித்தார்.

பயத்தோடுதான் போனேன். ஸ்கேன் மிஷினில் பார்த்துப் பார்த்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் என் தோள் யாருடையதோ மாதிரி ஆனது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டினார்கள். என் கையிலிருந்த ஜெபமாலையை உள்ளே வரும் முன்பே மேரியிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பேசிகிட்டே இருங்கம்மா. மூச்சு நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியணும்" என்றார் டாக்டரம்மா.

ஜெபம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் நாக்கு பழகின பாதையில் ஓடிவிட்டது. "வஞ்சிரம்! தளதளன்னு வஞ்சிரம்! கேளு, கேளு, கேட்டுக்கினே போ!"

துணிக்கு அந்தப் பக்கமிருந்து எலும்பு டாக்டர், "அக்கா, நண்டு இல்லியா?" என்றார்.

"நண்டு நாளைக்கு. மொதல்ல என் எலும்ப ஒயுங்கா வையி நைனா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இழுப்பது தெரிந்தது, தட்டுவது தெரிந்தது, வலி மட்டும் இல்லை. மூச்சும் ஒரு தடவைகூட முட்டவில்லை. ஆண்டவர் என் தலைமாட்டில் நின்றார். யார் என்ன சொன்னாலும் அது எனக்குத் தெரியும்.

ஸ்ட்ரெச்சர் வண்டியில் வெளியே வந்தால், மேரி ஜெபமாலையைக் கையில் சுற்றியபடி பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கிப்போயிருந்தாள். பாவம், வார்டில் என்கூடவே கண்விழித்துக் கிடந்தவள்.

"ஏய் மேரி, ஏந்திருடி. அம்மா வந்துட்டேன்."

"யம்மா! முழிச்சிக்கினுதான் கீறியா?" என்று என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

எலும்பு கூடிவிட்டது. இப்போதெல்லாம் ஏலத்தைத் தொடங்கும் முன் கண்மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அவசரக்கார வியாபாரிகள்கூட அதுவரை காத்திருக்கிறார்கள். ஆபரேஷன் என்றதும் மிரண்டு நிற்பவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். உங்கள் பயத்தை டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த டாக்டரம்மாவை அனுப்பியதும் ஆண்டவர்தான். என்னை எழுப்பிவிடும் என்று அழுதேன். அவர் என்னைத் தூங்கவே விடவில்லை. தூங்கிக் கிடந்த என் மகளை நானே எழுப்பினேன்.