கடலுக்கடியில் டவர் இல்லை

என் வீட்டுக்காரருக்கு வேலை நீர்மூழ்கிக் கப்பலில். வல்லத்திராக்கோட்டையில் இதைச் சொன்னால், "கப்பல் முங்கிருச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் அதையேதான் கேட்டேன். அவர் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு குடத்தை மிதக்கவிட்டார். சாய்த்து நீர் வாங்கவிட்டதும் அது இறங்கியது.

"இப்புடித்தான். கப்பல்லயும் தொட்டிக இருக்கு. கடத்தண்ணிய உள்ள விட்டா எறங்கும்."

"ஏறணும்னா?"

"அமுக்கி அடைச்சு வச்ச காத்தத் தொறந்துவிடுவோம். அது தண்ணிய வெளிய தள்ளிரும்."

"காத்து தீந்துட்டா?"

அவர் குடத்தைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பதில் இல்லாத அந்தக் கேள்வியோடுதான் ஏழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

கப்பலில் ஏறிவிட்டால் போன் கிடையாது. கடலுக்கடியில் டவர் இல்லை. மேலே வந்து பேசினாலும் இருக்கிற இடம் வெளியே தெரிந்துவிடுமாம். எப்போது திரும்புவார் என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

அந்த முறை அவர் போய் நாற்பது நாள் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியின் அடியில் எழுத்து ஓடியது. நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றோடு தொடர்பு அறுந்துவிட்டதாம். எந்த நாட்டுக் கப்பல் என்று போடவில்லை. அவர் எழுதி வைத்திருந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும், அதனால் ஆழத்தில் பேட்டரியில்தான் ஓட்டுவோம் என்று அவர் சொன்னதுண்டு. பேட்டரி எத்தனை நாள் தாங்கும், மூச்சுக்காற்று எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்துபோய் நிறுத்திக்கொண்டேன்.

பத்து மணிக்கு மாமியாரின் அக்கா வந்தார். எனக்குப் பெரியத்தை. என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பி வேண்டாம் என்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, எதுவும் சொல்லாமல் வாசலிறங்கிப் போனார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல மாட்டோம்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, செருப்புக்கூடப் போடாமல் ஓடி, தெருமுனையில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன பெரியத்தை, சொல்லாமப் போறீங்க?"

"இல்லத்தா... மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? எழவு வீட்டுக்கா வந்தீங்க? திரும்பி வாங்க. காப்பி குடிச்சுட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

தெருவே பார்த்தது. பெரியவர்களிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் என்னோடு திரும்பி வந்தார். காப்பியை வாங்கிக்கொண்டார். குடித்து முடித்து, "போயிட்டு வாரேன்த்தா" என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

அப்படியும் எனக்கு ஆறவில்லை. அவரைச் சொல்லி என்ன குற்றம்? காலையிலிருந்து நானே கண்ணாடிப் பக்கம் போகவில்லை, நெற்றிப் பொட்டைப் பார்க்கப் பயந்துகொண்டு.

மதியம் மூன்று மணிக்குத்தான் டிவியில் சொன்னார்கள். அது எங்கோ தூர தேசத்துக் கப்பல். மாமியார், "ஆத்தா காப்பாத்திட்டா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பெரியத்தைக்குப் போன் போட்டேன்.

"பெரியத்தை, நம்மளது இல்ல! வேற நாட்டுக் கப்பலாம்!"

"அடியே, காப்பியப் போட்டு வையி, வாரேன்!" என்று அந்தப் பக்கம் சிரித்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது டிவியில் அந்த ஊர்த் துறைமுகத்தைக் காட்டினார்கள். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். என் வயதுக்காரி ஒருத்தி, போனைக் காதில் வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்மளது இல்ல, நம்மளது இல்ல" என்று என் வாய் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகும் என்னால் அந்தச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.