ஜன்னல் ஷரபு

ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் ஷரபுன்னிசா அதன் இடுக்கில் நாள்காட்டித் தாள் ஒன்றை வைக்கிறார். நேற்றுக் கிழித்த தாள். கைப்பிடியைத் திருப்பிப் பூட்டிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுக்கிறார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அடுத்த மூலையில் வைத்து இழுக்கிறார். அங்கேயும் வருகிறது. இடுப்பில் கை வைத்து வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்.

“பேப்பர் வருதுன்னா தூசியும் வரும், மழையும் வரும், பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். இதுக்கா ரெண்டு கண்ணாடி போட்ட ஜன்னல் வெச்சீங்க?”

பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து, சட்டத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பூட்டுக் குமிழ்களை ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் கால் சுற்று திருகுகிறார். மறுபடி தாள், மறுபடி இழுப்பு. தாள் வராமல் கிழிந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஒரு வீட்டைவிட்டு அவர் கிளம்பும்போது ஜன்னலடியில் கழிந்த நாட்களின் தேதிகள் துண்டு துண்டாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார்.

நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான உருவம். பர்தாவின் கைகளை முழங்கைவரை சுருட்டி இரண்டு ரப்பர் பேண்டுகளால் நிறுத்தியிருப்பார். மூக்குக் கண்ணாடி எந்நேரமும் நெற்றியில்தான். தோளில் தொங்குவது மகள் ருக்ஸார் ஏழாம் வகுப்பில் சுமந்த பள்ளிக்கூடப் பை. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள். பையின் மேலிருந்த பூனைக்குட்டிக்கு இப்போது ஒரு காதுதான் மிச்சம். நோட்டுப் புத்தகங்கள் இருந்த இடத்தில் திருப்புளிகள், ரப்பர் பட்டைகள், பல்லைத் தேய்த்து மழுங்கடித்த ரம்பத் தகடு ஒன்று.

அவர் கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்ட வீடுகளில் அவருக்குக் கோபம் வந்துவிடும். “தேங்காண்ணெய் தலைக்குங்க. பூட்டுக்கு ஊத்துனா ஊர்ல இருக்கற மண்ணெல்லாம் அதுக்குள்ள போய்க் குடியிருக்கும்” என்பார். உடைந்த பாகத்தைக் கழற்றியதும் அதை வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது இன்னொரு பழக்கம். “பாருங்க, இத்தனூண்டு. இதுக்குப் போய் ஜன்னலையே மாத்தணும்னாங்களா?”

கடைக்குப் போனாலும் அவரால் சும்மா இருக்க முடிவதில்லை. சென்ற ரம்ஜானுக்கு ருக்ஸாரோடு ஜவுளி எடுக்கப் போனார். கடையின் கண்ணாடிக் கதவு ஆள் நுழையும்போதெல்லாம் தரையை உரசி முனகியது. நாலு பேர் நுழையும்வரை பொறுத்தார். ஐந்தாவது ஆள் வந்தபோது பையைத் திறந்துவிட்டார். மகள் சுடிதார் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் கதவு சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. “எங்கம்மாவோட கடைக்குப் போனா நான் துணி பார்ப்பேன், அவங்க கதவு பார்ப்பாங்க” என்கிறாள் ருக்ஸார்.

இந்தத் தொழில் அவருக்கு வந்த வழி மணப்பாறை சாலை. அங்கே ஜன்னல் செய்யும் கொட்டகை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். கண்ணாடி அறுப்பதும் சட்டம் ஒட்டுவதும் ஆண்களின் வேலை. பூட்டு, கைப்பிடி, கீல் பொருத்துவது ஷரபுன்னிசாவின் மேசை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஜன்னல்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று சொல்லும் அளவுக்குக் கை பழகிவிட்டது. ஒரு நாள் முதலாளி கொட்டகையை மூடுவதாகச் சொன்னார். ஆளாளுக்கு மின்விசிறி, நாற்காலி என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஷரபுன்னிசா, காயலான் கடைக்குப் போகவிருந்த மூன்று சாக்கு மூட்டைகளைக் கேட்டார். மிச்சம் மீதியான பூட்டுகள், கீல்கள், கைப்பிடிகள். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

மூட்டைகளைப் பேருந்தில் ஏற்றும்போது நடத்துநர் கேட்டார்: “என்னம்மா, இரும்புக் கடை வெச்சிருக்கீங்களா?”

“இனிமேதாங்க வைக்கணும்.”

தென்னூர் வீட்டின் பரணில் அந்த மூன்று மூட்டைகளும் இன்றும் இருக்கின்றன. கம்பெனிகளே செய்வதை நிறுத்திவிட்ட பூட்டுகள்கூட அதில் உண்டு. ஷார்ஜாவில் லாரி ஓட்டும் கணவர் ஜெகபர் அலி முதலில் தயங்கினார். “வீடு வீடாப் போகணுமா புள்ள?” என்று தொலைபேசியில் கேட்டவர், விடுமுறையில் வந்து இரண்டு நாள் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். திரும்பிப் போனதும் அங்கிருந்து ஒரு காற்றுப்பை வாங்கி அனுப்பினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்றது. இடுக்கில் செருகிப் பம்பை அமுக்கினால் கனமான கதவையும் நூலளவு தூக்கிக் கொடுக்கும்.

தொடங்கிய புதிதில் அழைப்பு மணி அடித்தால், திறப்பவர்கள் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

“மெக்கானிக் எங்கம்மா?”

“பின்னாடி யாரும் இல்லைங்க. நான்தான்.”

சிலர் உள்ளே விட்டார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய இடமும் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்குப் பக்கத்து அடுக்ககம் அது. நாலாவது மாடியில் இருக்கும் சத்யபாமா, ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் பால்கனிக் கதவின் கைப்பிடி இறுகிப்போய்விட்டதென்று சென்ற மார்ச்சில் அவரை வரச் சொல்லியிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹ்ருஷிகேஷ் கீழேயே மறித்துவிட்டார். “கம்பெனி ஆளுங்கதான் தொடணும்மா. வெளியாள் கை வெச்சா வாரண்டி போயிடும்.” ஷரபுன்னிசா ஸ்கூட்டரைத் திருப்பினார். கிளம்புமுன், “இறுகிப்போன லாக் ரொம்ப நாள் தாங்காது சார், மாமிகிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

மே மாதம், கத்திரி வெயில். மதியம் ஒரு மணிக்கு சத்யபாமா பால்கனியில் வடாம் துணியைப் புரட்டிப் போடப் போனார். உள்ளே கணவர் சாரங்கபாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். ஆற்றுக் காற்றில் கதவு அடித்து அவருடைய தூக்கம் கலையக் கூடாதென்று வெளியிலிருந்து சாத்தி, கைப்பிடியைத் திருப்பினார். கதவுக்குள்ளே ஏதோ முறிந்தது. அதற்குப் பிறகு கைப்பிடி காற்றாடி போலச் சுற்றியதே தவிர, கதவு அசையவில்லை.

மேற்குப் பார்த்த பால்கனி. வெயில் நேரே இறங்கத் தொடங்கிவிட்டது. புறாக்களுக்காகக் கட்டிய வலை சுற்றிலும் மூடியிருந்ததால் மேல்வீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூட இறக்க வழியில்லை. கைபேசி உள்ளே. எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. கதவைத் தட்டினார், கூப்பிட்டார். தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஆசைப்பட்டு வைத்த இரட்டைக் கண்ணாடி, அவருடைய குரலையும் உள்ளே விடவில்லை.

இரண்டு மணிக்குமேல் சாரங்கபாணி எழுந்து கூடத்துக்கு வந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் மனைவியின் வாய் அசைவது தெரிந்தது. சத்தமே இல்லை. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீடுகள் திரண்டன. ஹ்ருஷிகேஷ் ஓடி வந்தார். கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் சென்னையிலிருந்து நாளை மறுநாள் வருவார் என்றார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது. சாரங்கபாணி மனைவியின் கைபேசியில் தேடினார். அதில் ‘ஜன்னல் ஷரபு’ என்று ஒரு பெயர் இருந்தது.

“அம்மா, உன்னைத் திருப்பி அனுப்பின இடந்தான். மாமி வெளியில மாட்டிண்டுட்டா. அவ கத்தறது கேக்கவேயில்லேம்மா...”

ஷரபுன்னிசா அப்போது தென்னூரில் ஒரு டாக்டர் வீட்டு ஜன்னலைக் கழற்றிப் போட்டிருந்தார். “மாமா, பயப்படாதீங்க. புடவைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டுச் சுவரோரமா உக்காரச் சொல்லிச் சைகை காட்டுங்க. யாரும் கண்ணாடியை உடைக்காதீங்க. இதோ வர்றேன்.” டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஜன்னலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஸ்கூட்டரை எப்படி நுழைத்தார் என்று அவருக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை.

மேலே ஏறி வந்தபோது ஹ்ருஷிகேஷ் கையில் சுத்தியலோடு நின்றார்.

“கீழ வைங்க சார். இது உடைஞ்சா மொத்தமாக் கொட்டும். மாமி ஒதுங்கறதுக்கு வெளியில எடம் ஏது?”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஷரபுன்னிசா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்தபடி உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றினார். தன்னிடமிருந்த சதுரக் கம்பியைத் துளையில் நுழைத்துத் திருப்பினார். பிடிக்கவில்லை. உள்ளே பல்சக்கரம் நொறுங்கியிருந்தது.

“இப்ப என்ன பண்றது?” என்றார் சாரங்கபாணி. கண்ணாடிக்கு வெளியே சத்யபாமாவின் தலை மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

“நாலு குமிழும் ஒரே பட்டையில கோத்திருக்கு மாமா. ஒண்ணை நகர்த்துனா நாலும் நகரும். ஆனா கதவோட கனம் அது மேல உக்காந்திருக்கு. அதை எறக்கணும்.” காற்றுப்பையைக் கதவுக்கடியில் செருகி, பம்பை ஹ்ருஷிகேஷின் கையில் கொடுத்தார். “சார், நான் சொன்னா ஒரு தடவை அமுக்குங்க. ரெண்டு தடவை வேண்டாம். எல்லாரும் சத்தம் போடாதீங்க. ஃபேனை நிறுத்துங்க.”

கூடம் அடங்கியது. பல் தேய்த்த ரம்பத் தகட்டை இடுக்கில் விட்டு, காதைக் கதவில் ஒட்டிக்கொண்டார். “அமுக்குங்க.” கதவு ஒரு நூல் எழும்பியது. தகடு எதிலோ தட்டியது, வழுக்கியது. “இன்னொண்ணு.” மறுபடி தட்டியது. இந்த முறை அது குமிழ்தான் என்று அவருடைய விரலுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு ஆண்டுகள், நாளைக்குப் பன்னிரண்டு முறை, அந்த இடத்தில் அந்தக் குமிழை வைத்த விரல். மூச்சை அடக்கி மேல்நோக்கித் தள்ளினார். நகரவில்லை. தகட்டின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. பிடியை விடாமல் இன்னொரு முறை தள்ளினார்.

டக், டக், டக், டக்.

நாலு சத்தத்தையும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கதவு திறந்தது. அனல் உள்ளே பாய்ந்தது. ஷரபுன்னிசாவும் சாரங்கபாணியுமாக சத்யபாமாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து சோபாவில் கிடத்தினார்கள். யாரோ கை தட்டத் தொடங்க, கூடமே தட்டியது. ஷரபுன்னிசா ஈரத் துணியால் மாமியின் முகத்தையும் கழுத்தையும் துடைத்து, உப்புப் போட்ட மோரை வாய் வாயாகப் புகட்டினார். படியேறி வந்த தீயணைப்பு வீரர்கள் நாடி பார்த்து, பயமில்லை என்றார்கள். அவர்களில் மூத்தவர் காற்றுப்பையை எடுத்துப் புரட்டிப் பார்த்து, “இதை எங்கம்மா வாங்கினீங்க?” என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் சத்யபாமா கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தார். முதலில் அவர் தேடியது செயலாளரை. வகுப்பறைக் குரல் திரும்பியிருந்தது.

“ஹ்ருஷி, அன்னிக்கு கேட்டோட திருப்பி அனுப்பினது இவளைத்தானே?”

“ஆமாம் மாமி. தப்புதான்.” ஷரபுன்னிசாவின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கோங்க. பிளாக்ல இருக்கற முப்பத்தாறு வீட்டையும் நீங்களே ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்க. செக்யூரிட்டிகிட்ட இனிமே பேர்கூடச் சொல்ல வேண்டாம்.”

“எங்க வீட்டு பெட்ரூம் ஜன்னல் மூடவே மாட்டேங்குது” என்றார் ஒருவர். “எங்க கிச்சன் கதவும்தான்” என்றார் இன்னொருவர். கைபேசி எண்ணைக் கேட்டு ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஷரபுன்னிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. அறுபட்ட உள்ளங்கையைச் சுற்றி யாரோ கொடுத்த கைக்குட்டை. அந்தக் கையாலேயே எல்லோரையும் அமர்த்தினார்.

“இருங்க, இருங்க. இந்தக் கதவு இன்னும் முடியலை.”

கீழே போய் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மணப்பாறை சாலையின் சாக்கிலிருந்து வந்த பூட்டு, அதே அளவு, அதே துளைகள். நொறுங்கிய பல்சக்கரத்தைக் கழற்றி ஹ்ருஷிகேஷின் உள்ளங்கையில் வைத்தார். “பாருங்க சார், இத்தனூண்டு.” அரை மணி நேரத்தில் புதிய பூட்டு உள்ளே உட்கார்ந்தது. கதவு தொய்யாமலிருக்கக் கீலைச் சற்று உயர்த்தினார். இரண்டு பக்கமும் கைப்பிடிகளை முடுக்கினார்.

பிறகு பையை மேசைமேல் வைத்தார். கைபேசியை அதன் மேல் வைத்தார். வெறுங்கையோடு பால்கனிக்குப் போனார்.

“வேண்டாம்மா, வேண்டாம்!” சாரங்கபாணி பதறி எழுந்தார்.

அதற்குள் ஷரபுன்னிசா கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பிப் பூட்டிக்கொண்டுவிட்டார். இரண்டு கண்ணாடிகளுக்கு அந்தப் பக்கம், மேற்கு வெயிலில், உள்ளே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தார். எல்லோருக்கும் தெரியும்படி வலது கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார். அந்த ஒற்றை விரலால் கைப்பிடியைத் தூக்கினார்.