கதவு ரிப்பேருக்குப் போன வீடு

அந்தத் தையல்காரரை வாடிக்கையாளர்கள் 'அரை இன்ச்' என்று கூப்பிடுவார்கள். யார் வந்து எதைத் தைக்கக் கொடுத்தாலும் தையலுக்குள்ளே அரை இன்ச் துணியைக் கூடுதலாக மடித்து விட்டுவிடுவார். "நாளைக்கே நீங்க குண்டாயிட்டா என்ன பண்றது?" என்று கேட்பார். இதைப் பெண்களிடமும் கேட்டதால் சில வாடிக்கைகளை இழந்தவர்.

துணியில் மட்டும் இல்லை. ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டரைக்கே போய் நின்று, பஸ் எட்டே காலுக்கே வந்து போய்விட்டதோ என்று கவலைப்படுவார். ஐம்பத்திரண்டு வருஷமாக இப்படியே பயந்து பயந்து எந்த ஆபத்தும் வராமல் காலம் தள்ளியவருக்கு, கடைசியில் ஆபத்து மாடியிலிருந்து இறங்கி வந்தது.

மாடியில் இருந்தவர் வீட்டுக்காரர். நல்லவர். இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கு வெளிநாட்டில் ஒரு மகன் உண்டு. அந்த மகன், அரை இன்ச் வாடகைக்கு இருந்த கீழ் வீட்டுக்குக் குடிவரப்போவதாகப் பதினொரு வருஷத்தில் நாலு தடவை சேதி வந்தது, ஆள்தான் வரவில்லை. ஐந்தாவது தடவை சேதி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தது. 'பத்து நாளில் காலி செய்யவும்.' தேதி இல்லை, கையெழுத்து இல்லை. முன்பக்கத்தில் மட்டும் ஒரு சூரியகாந்திப் பூ.

வீட்டுக்காரர் அதைக் கொடுக்கத் தேர்ந்தெடுத்த நேரமும் அபாரம். அரை இன்ச் வாயில் ஆறு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். குண்டூசி கடித்திருப்பவர் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாது. "ம்ம்" என்றுதான் சொல்ல முடியும்.

"பாருங்க, டைலரே சம்மதம் சொல்லிட்டாரு" என்று அந்த அம்மாவைச் சாட்சி வைத்துவிட்டு வீட்டுக்காரர் மாடியேறிவிட்டார்.

பதினோராம் நாள் குழாயில் தண்ணீர் நின்றது. மோட்டார் கெட்டுவிட்டதாம். கீழ் வீட்டுக்கு மட்டும் கெடத் தெரிந்த புத்திசாலி மோட்டார். பதினாலாம் நாள் இரண்டு பேர் வந்து முன்கதவைக் கீலோடு கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள்.

"கதவு ரிப்பேர். கரையான் பிடிச்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"சார், கரையான் எங்கேயும் காணோமே?"

"அது உள்ளே இருக்கும் டைலர். வெளியில தெரிஞ்சா அது என்ன கரையான்?"

முன்னறையில் தையல் மிஷின், வெட்டும் மேஜை, கயிற்றில் தொங்கும் முப்பது பேருடைய துணி. எல்லாம் இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. போகிற வருகிறவர்களும் அவற்றைப் பார்த்தார்கள். ஒரு நாய் உள்ளே வந்து மேஜைக்குக் கீழே படுத்துக்கொண்டது. அதை விரட்டினால் இருக்கிற ஒரே காவலும் போய்விடுமே என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவள். நோயாளிகளை அதட்டி மாத்திரை விழுங்க வைத்துப் பழகியவள்.

"இப்படியே மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா கதவு முளைக்குமா? எங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுல இலவச சட்ட உதவின்னு போர்டு இருக்கு. போய்க் கேளுங்க. நான் லீவு போட்டு வீட்டுல காவலுக்கு உட்கார்றேன்."

"கோர்ட்டு கேஸுன்னா அவருக்குக் கோவம் வந்துடும்டி."

"வரட்டும். இப்ப அன்பாவா கதவைக் கழட்டினாரு?"

சட்ட உதவி அறையில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். வயது குறைவு, பேச்சு கறார். காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூரியகாந்தி நல்லா இருக்கு. நோட்டீஸ் எங்கே?"

"அதுதாங்க மேடம்."

"இது நோட்டீஸே இல்லை அண்ணா. முறையா எழுதின நோட்டீஸ் வேணும், அதுல காரணம் வேணும், அப்புறம் விசாரணை நடந்து உத்தரவு வரணும். உத்தரவு இல்லாம உங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது. தண்ணியை நிறுத்துறது, கதவைக் கழட்டுறது, பூட்டை மாத்துறது எல்லாமே தப்பு. மகன் நிஜமாவே வந்தாலும் இதே வழிதான்."

அரை இன்ச் இதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவைதான் மூச்சு சீராக வந்தது.

"என்னென்னிக்கு என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வச்சிருக்கீங்களா?"

அவர் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். வேறு நோட்டு அவரிடம் கிடையாது. அதில் ஒரு பக்கத்தில் 'மார்பு 38, கை 9, கழுத்து பின்பக்கம் இறக்கம் வேண்டாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'காலை 7 மணி, தண்ணீர் வரவில்லை'. அதற்குக் கீழே ஒரு கால்சட்டையின் இடுப்பளவு. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தேதியும் துணி கொடுத்தவரின் கையெழுத்தும். தைத்த பிறகு 'நான் இப்படிச் சொல்லவில்லை' என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாதே என்று இருபத்தாறு வருஷமாக அவர் வைத்திருந்த வழக்கம்.

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தனி நோட்டுல எழுதியிருந்தீங்கன்னா நேத்து மொத்தமா உட்கார்ந்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. இதுல மேலேயும் கீழேயும் யாரோட கையெழுத்தோ இருக்கு. நடுவுல புகுத்த முடியாது. பத்திரமா வைங்க." அடுத்து விரலை நீட்டினாள். "ரெண்டு விஷயம். எதுலயும் கையெழுத்து போடாதீங்க. சாவியை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. சாவியைக் கொடுத்தா நீங்களே காலி பண்ணிட்டீங்கன்னு ஆயிடும்."

மனுப் போட்டாயிற்று. வாடகை அதிகாரி முன்னால் விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. அன்றைக்குப் பார்த்து மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கதவில்லாத வீட்டில் யார் உட்காருவது? வீட்டைக் காலியாக விட்டால் திரும்பி வரும்போது மிஷின் தெருவில் இருக்கும்.

வேறு வழியில்லாமல் மனைவியின் தம்பியை வரவழைத்தார்கள். மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்டானென்று தன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அபராதம் கட்டினவன்.

அரை இன்ச் புறப்படும் முன் அவனைத் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"யார் வந்து எதை நீட்டினாலும்?"

"கையெழுத்து போட மாட்டேன் மாமா."

"இடத்தை விட்டு?"

"எழுந்திருக்க மாட்டேன்."

"வீட்டுக்காரர் சிரிச்சுப் பேசினா?"

"நான் சிரிக்க மாட்டேன்."

திருப்தியாகக் கிளம்பினார். அரை மணி நேரம் முன்னாடியே போய், அலுவலக நடைபாதையில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"மாப்ளே, எல்லாம் சரியா இருக்கா?"

"ஜோரா இருக்கு மாமா. வீட்டுக்காரர் வந்தாரு. ஒரு பேப்பரை நீட்டினாரு, கையெழுத்து கிடையவே கிடையாதுன்னுட்டேன்."

"சபாஷ்."

"சரி, கதவு வந்தா மாட்டிப் பார்க்கணும், சாவியையாவது குடுன்னாரு. ஆணியில தொங்கிச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்."

எல்லாவற்றிலும் அரை இன்ச் விட்டவர், எடுத்த பாடத்தில் சாவிக்கு மயிரிழை இடம்கூட விடவில்லை. கதவே இல்லாத வீட்டில் சாவியை யார் நினைப்பார்கள்? வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார்.

"ஏண்டா கொடுத்தே?"

"கதவே இல்லையே மாமா, சாவியை வச்சு நாம என்ன பண்ணப் போறோம்?"

பதினோரு வருஷம், மிஷின், முப்பது பேர் துணி, மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும் அந்த உள்ளறை, எல்லாம் ஒரு சாவியோடு போய்விட்டதாகவே அவருக்குத் தோன்றியது. வக்கீலம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தார்; குண்டூசி இல்லாமலேயே பேச்சு வரவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது அவள் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். "உள்ளே வாங்க. நீங்க பேசாதீங்க" என்றாள்.

வாடகை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மடித்து மடித்து மூக்கைத் துடைத்தபடி வீட்டுக்காரர் தந்த பதிலைப் படித்தார். மோட்டார் ரிப்பேர் என்று இருந்தது. கதவைத் தான் கழற்றவே இல்லை, அது வீண்பழி என்றும் இருந்தது. வீட்டுக்காரர் புதுச் சட்டையில், முகம் நிறைய சாந்தத்தோடு எழுந்தார்.

"இனிமே இந்தக் கேஸே தேவையில்லீங்க. இன்னிக்குக் காலையில அவங்க வீட்டு ஆளே சாவியை என் கையில ஒப்படைச்சுட்டாரு. வீடு காலி." சாவியை மேஜைமேல் வைத்தார்.

அரை இன்ச்சின் காதில் மிஷின் ஓடுகிற மாதிரி இரைச்சல்.

அதிகாரி சாவியைப் பார்த்தார். தும்மினார். "எந்தக் கதவுக்குச் சாவி?"

"முன்கதவுக்குங்க."

"சரி. சாவி வாங்கினதும் வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

வீட்டுக்காரர் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பூட்டலையா? காலியான வீட்டைத் திறந்து போட்டுட்டா வந்தீங்க?"

"பூட்டலாம்னுதான்... கதவு இப்ப தச்சர்கிட்ட இருக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கதவைக் கழற்றவே இல்லை என்ற தாள் அதிகாரியின் கையில் இருந்தது. அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு கைக்குட்டை எடுத்தார்.

வக்கீலம்மா அளவு நோட்டை விரித்து வைத்தாள். வீடு காலியா என்று இப்போதே கேட்டுவிடலாம் என்றாள். அதிகாரி தலையசைக்க, மச்சானைக் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கே இருக்கீங்க தம்பி?"

"மிஷின் முன்னாடிதான். எழுந்திருக்காதேன்னு மாமா சொல்லிட்டுப் போனாரு. ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்கலைங்க. எப்ப வருவாரு?"

அதிகாரிக்கு வந்தது தும்மலா சிரிப்பா என்று தெரியவில்லை; கைக்குட்டை முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு உத்தரவைச் சொன்னார். தண்ணீர் இன்றைக்கே வர வேண்டும். நாளை ஐந்து மணிக்குள் கதவு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். சாவி இங்கேயே, இப்போதே குடியிருப்பவர் கைக்குப் போக வேண்டும். விசாரணை முடியும்வரை தொந்தரவு கூடாது. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

"அப்போ ஜெயிச்சுட்டோமா மேடம்?" என்று வெளியே வந்து கேட்டார் அரை இன்ச்.

"வீட்டுக்குள்ள இருக்கீங்க. இப்போதைக்கு அதுதான்."

மறுநாள் நாலே முக்காலுக்குத் தச்சர் கதவைக் கொண்டுவந்து மாட்டினார். கரையான் எதுவும் காணோம் என்று தானாகவே சொன்னார். படிக்கட்டில் நின்றிருந்த வீட்டுக்காரர், "ரிப்பேருக்குத்தான் எடுத்தேன்னு நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். மகன் எப்போது வருகிறான் என்று மனைவி மரியாதையாக விசாரித்தாள். அவர் மாடியேறிவிட்டார்.

"வாங்க, ரெண்டு பேருமா போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்றாள் அவள். கதவு போன நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் இறங்கவே இல்லை. அவர் கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். நாலு வீடு தாண்டியதும் நின்றார். ஆறு வீடு தாண்டியதும் திரும்பிப் பார்த்தார். முனையைத் திரும்பினால் கதவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே அவருடைய கால் நகரவில்லை.

"ஒரு நிமிஷம், போய்ப் பார்த்துட்டு..."

அவள் ஒன்றும் திட்டவில்லை. "போய்ப் பாருங்க. கதவு இருந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க, உங்களுக்கும் சேர்த்து டீ சொல்லி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

அவர் ஏறக்குறைய ஓடினார்.