ரோடு வரும் கதைகள்

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த நான்காம் நாள். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகும் காலை பாசஞ்சர் ரயிலில், என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

அந்த ரயில் எனக்குப் பழகிய ரயில். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடமும் அதில்தான் போய் வந்தேன். ஒரே செல்போனைச் சுற்றி நான்கு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, முதல் கொரியத் தொடரைப் பார்த்ததும் அதில்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒருத்தி அழ ஆரம்பித்துவிடுவாள். அந்தத் தொடர்ப் பைத்தியம்தான் அந்த நாட்டைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது. பிறகு கடல்பாசி ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கிடைத்து, அங்கேயே போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கிறார். அவர்களின் மகள் விமானம் ஏறிப் போய் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

கொரியாவில் நான் இருப்பது தெற்கே ஒரு கடற்கரை ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் காட்சிக்குப் போய்விடுவேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நாவலை நான்கு மாதம் படித்தேன். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பான்சோரி. ஒரு பெண் விசிறியோடு நின்று கதையைப் பாட, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒற்றை மேளம் தட்டுவார். கேட்கிறவர்கள் நடுநடுவே குரல் கொடுத்து அவரை உற்சாகப்படுத்த வேண்டும். ஒருமுறை என்னை மறந்து "அப்படிப் போடு" என்று தமிழில் கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, சரியாகத்தான் சொன்னாய் என்பதுபோலத் தலையாட்டினார்.

ஆனால் எதைப் பார்த்து முடித்து வெளியே வந்தாலும், அதைச் சொல்வதற்கு ஆள் இருக்காது. நெஞ்சு நிறைந்து போய் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"படம் பாத்தேம்மா. நல்லாருந்துது."

"அப்பிடியா? சாப்ட்டியா?"

அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியாது. போனை வைத்த பிறகு அந்த ஊர் இன்னும் குளிராக இருக்கும்.

இரண்டரை வருடம் கழித்துப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தேன். வரும்போதே ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆடிக்குள் படிப்பு முடிந்து நான் திரும்பிவிடுவேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ அங்கேயே முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருந்தது. இன்னும் மூன்று வருடம். சரி என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சிதம்பரத்தில் பழைய மதிப்பெண் சான்றிதழ் ஒன்றை வாங்கி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று, அம்மாவோடு கம்பெனி வேனில் போகும் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். அம்மாவின் செல்போனில் தமிழில் டப் செய்த கொரியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இதையெல்லாம் பார்ப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏம்மா, அங்க மாமியாருங்கல்லாம் பேசிக்கிட்டு இருக்கும்போதே மூஞ்சில தண்ணிய ஊத்திடுவாங்களாமே, நெஜமாவா?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க மாமியா மேல நான் ஊத்தியிருப்பேன். அந்தக் காலத்துல கொழாய்ல தண்ணி எங்க வந்துது!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "அதெல்லாம் சும்மா கதை அத்த. அங்க படிச்சவுங்க யாரும் இதப் பாக்கவே மாட்டாங்க" என்றேன். சொன்னது பொய்யும்கூட. என் கூட ஆராய்ச்சி செய்பவர்களே பார்ப்பார்கள். நானும் அதைப் பார்த்துத்தானே அங்கே போனேன்?

அம்மா செல்போனை அணைத்துக் குப்புற வைத்தார். "நமக்கு என்னா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். அதன் பிறகு இரண்டு நாள் நான் இருக்கும்போது செல்போனை எடுக்கவே இல்லை.

நான்காம் நாள், ஒரு சர்டிபிகேட் வாங்கச் சிதம்பரம் போகிறேன் என்று சொன்னதும், "நானும் வரேன், கோயிலுக்குப் போயி ரொம்ப நாளாச்சு" என்று அம்மாவும் கிளம்பிவிட்டார்.

ரயிலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்து, சத்தமே இல்லாமல் அம்மா தொடரைப் பார்க்க ஆரம்பித்தார். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு, அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து வெடித்திருக்கும். அதனால் செல்போனைச் சுண்டுவிரலால்தான் தொடுவார். கதாநாயகனும் நாயகியும் ஒரு தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா படத்தை நிறுத்தினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார்.

"என்னம்மா பாக்குற?"

திடுக்கிட்டுவிட்டார். "ஒண்ணுமில்ல. பின்னாடி போறவுங்கள."

"அவுங்கள எதுக்கு?"

கூச்சத்தோடு சிரித்தார். "நீ எங்கயாச்சும் போறியான்னு பாப்பேன்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவே சொன்னார். "ஊட்டுக்குள்ளயே ஒக்காந்து சண்ட போடுற கதையெல்லாம் எனக்கு வாணாம் பாப்பா. ரோடு வரணும். பஸ்ஸு வரணும். அப்பத்தான் பாப்பேன்."

"நான் இருக்கறது வேற ஊரும்மா. இத எடுக்கறது சியோல்ல. பஸ்ல அஞ்சு மணி நேரம்."

"பாட்டு கேக்க அங்கதான் போறேன்னு மூணு தடவ போன்ல சொன்னியே?"

சொல்லியிருந்தேன். சாப்பிட்டாயா என்பதைத் தவிர எதுவும் அம்மா காதில் விழவில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஏதோ தொடரிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தது. பஸ் ஸ்டாப்பில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். "இது நீதான? வேன்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்."

என்னிடமும் ஒரு பச்சை ஸ்வெட்டர் உண்டு. ஆனால் அது நான் இல்லை. அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

அம்மா படத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்ற. நீ பைய எடது தோள்ல மாட்டுவ. இவ வலதுல மாட்டியிருக்கா."

"அப்பறம் ஏம்மா எல்லார்கிட்டயும் காட்டின?"

"முதுகு ஒன்ன மாரியே இருந்துது. இருக்கட்டுமேன்னு வச்சேன்."

பரங்கிப்பேட்டையில் ரயில் நின்று கிளம்பியது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அம்மா, இன்னும் மூணு வருஷம் அங்க படிக்கணும். அதுக்குத்தான் இப்ப சர்டிபிகேட்" என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

"ஆமா, பேசியிருக்கக் கூடாதுதான்" என்றார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு வருஷம் ஜாஸ்தி பாப்பா. அதுவும் எல்லாத்தயும் முடிவு பண்ணிட்டு என்கிட்ட கடசில சொல்ற" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சான்றிதழ் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. அம்மா என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோயிலில் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. போகலாம் என்றோ, போகாதே என்றோ அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செல்போனை என்னிடம் நீட்டினார்.

"ஓடும்போதே இத எப்பிடிப் பெருசு பண்றதுன்னு காட்டிக் குடுத்துட்டுப் போ. மூணு வருஷம் பாக்கணுமே."

அவருடைய சுண்டுவிரல் இரண்டையும் பிடித்து வைத்து, அகட்டிக் காட்டிக் கொடுத்தேன். என் கண்ணுக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. "நல்லாச் சொல்லிக் குடு. படிச்ச பொண்ணுதான?" என்று முழங்கையால் இடித்தார்.

நான் திரும்பிப் போய் எட்டு மாதம் கழித்து, பான்சோரி கேட்கச் சியோல் போயிருந்தேன். அரங்கத்துக்குப் போகும் வழியில் கயிறு கட்டி ஏதோ தொடருக்குப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பாட்டு தொடங்க நேரமாகியும் அந்தக் கயிறு ஓரத்திலேயே நின்றேன். ஒரு பையன் ஓடி வந்து, தலைகுனிந்து, தள்ளி நிற்கச் சொன்னான். இரண்டு அடி தள்ளி மறுபடி நின்றேன். முதல் பாட்டு முழுதும் போய்விட்டது. அன்றிரவு போனில் சொன்னபோது, எந்தக் கதை, யார் நடிக்கிறார்கள் என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் திரும்பி நின்ன?" என்றுதான் கேட்டார்.

இப்போதெல்லாம் தியேட்டரில் ஒரு தெரு வந்தால் என் கண்ணும் பின்னால் போகிறவர்களிடம்தான் போகிறது; பெயர் தெரியாத அந்த ஒவ்வொருவரையும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ நிறுத்தி நிறுத்தித் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.