காணாமல் போனவரின் பெயரை இறந்தோர் பட்டியலில் வாசித்த சனிக்கிழமை

1. 1 நவம்பர் 2025, சனி. என் பாடசாலைத் தோழன் ரவி, என்னைக் கேளாமல், என் அண்ணரின் பெயரை ஒரு பௌத்த மடத்தின் இறந்தோர் பட்டியலுக்கு எழுதிக் கொடுத்தான். அண்ணர் இறந்தவர் அல்லர். 2009இல், போரின் கடைசி மாதங்களில் காணாமல் ஆக்கப்பட்டவர்.

2. 8 நவம்பர், சனி, நண்பகல் 12.40. அந்தப் பெயர் உரக்க வாசிக்கப்பட்டது.

3. அதே நாள், 12.50. எங்களோடு வந்த செந்தில் அதைக் காணொளியாக முகநூலில் ஏற்றி, என் பெயரையும் இணைத்தார்.

4. அதே நாள், பிற்பகல் 2.15. வவுனியாவிலிருந்து அண்ணி தொலைபேசியில் அழைத்தார்.

5. 9 முதல் 16 நவம்பர் வரை. நான் ரவிக்கு அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதிலாக வந்தது, கைகூப்பும் எமோஜிப் பொம்மை ஒன்று.

இனிப் பயணத்தைச் சொல்கிறேன். அந்த மடத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

ஆறு ஆண்டுகளாக, வேலைக்கு ரயில் ஏறுமுன் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் புத்தரை வாசிப்பது எங்கள் ஆட்களிடையே எளிதில் விளங்கப்படுத்தக்கூடிய காரியம் அல்ல. செந்தில் கோயம்புத்தூர்க்காரர், இங்கே பாட்டனி டவுன்ஸ் புறநகரில் வசிக்கும் கணினிப் பொறியாளர். அவருடைய தந்தை சென்ற ஆண்டு காலமானார். வெல்ஸ்போர்டுக்கு அப்பால் ஒரு சிறிய மடத்தில் இறந்தோருக்கான நினைவு நாள் நடப்பதாகவும், நானும் வர வேண்டும் என்றும் கேட்டார். மறுக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

செந்திலின் கார் மனுரேவாவில் ரவியை ஏற்றிக்கொண்டு, காலை 8.10க்கு ஒனிஹங்காவில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கிருந்து மடம் 102 கிலோமீட்டர். வடக்கே சுங்கச் சாலை வரும். அங்கே சாவடி கிடையாது, கட்டணத்தை ஐந்து நாட்களுக்குள் இணையத்தில் செலுத்த வேண்டும். கடைசி 11 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை.

துறைமுகப் பாலம் தாண்டும்போது ரவி நல்ல குஷியில் இருந்தான். "டேய், நீ விகாரைக்குப் போறாயெண்டு உன்ரை மாமிக்குத் தெரிஞ்சா, அடுத்த திவசத்துக்கு உனக்கு இலை போடமாட்டா."

"எங்க வீட்ல புத்தர்னா ஷோகேஸ் பொம்மைதாங்கண்ணா," என்றார் செந்தில். "வாயத் தொறக்காத ஒரே சாமின்னு எங்கப்பா சொல்லுவாரு."

மூவரும் சிரித்தோம். அப்போது அவர்கள் இருவருக்கும் பட்டியல் விடயம் தெரியும்; எனக்குத் தெரியாது.

9.55க்குப் போய்ச் சேர்ந்தோம். பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. ஆகவே நீங்கள் கொண்டுபோகும் உணவை 10.30க்குள் சமையலறையில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுத்தது பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். தலைமைப் பிக்கு, நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்த வெள்ளையர்.

12.30க்குச் சடங்கு தொடங்கியது. ஒரு கிண்ணத்தில் கெண்டியால் நீர் வார்ப்பார்கள்; கிண்ணம் நிரம்பி வழியும்வரை பெயர்களை வாசிப்பார்கள். செந்தில் தன் கைபேசியைப் படம் பிடிக்கும்படி எதிரே சாய்த்து வைத்துவிட்டு, கெண்டியைப் பிடித்திருந்தார். என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்தார். அவருடைய தந்தையின் பெயர் வந்தது. அடுத்து, ஆங்கில நாக்கில் சற்று உடைந்து, என் அண்ணரின் பெயர் வந்தது: சிவகுமாரன். என் கை இன்னும் செந்திலின் கைமேல் இருந்தது. நீர் விழுந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் பிக்குவிடம் போய், அண்ணர் காணாமல் போனவர் என்றேன். "அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். "அப்படியென்றால் நான் வாசித்திருக்கக் கூடாது," என்று மன்னிப்புக் கேட்டு, என் கண்முன்னே அந்தப் பெயரின் மேல் கோடு போட்டார். அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

காரில் ஏறியதும் செந்திலே தொடங்கினார். "ரவியண்ணா ஓகேன்னாருங்க. ஸ்பெல்லிங்கும் அவருதான் எழுதிக் குடுத்தாரு. அதான் எங்கப்பா பேரோட சேத்து அனுப்பினேன்."

"எத்தினை வருசமடா?" என்றான் ரவி. "பதினாறு. ஆராவது ஒருத்தன் செய்யத்தானே வேணும்."

"அவர் செத்திட்டாரெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டாங்கள். அதுக்குத்தான் செய்தது."

வோர்க்வர்த் பெற்றோல் நிலையத்தில் நின்றபோது அண்ணி அழைத்தார். அங்கே காலை 6.45.

"தம்பி, செய்தி ஏதும் வந்ததோ? மறைக்காதேங்கோ."

"ஒரு செய்தியும் இல்லை, அண்ணி."

"அப்ப ஏன் அவற்றை பேரை வாசிச்சவை? நீங்களும் தண்ணி வாக்கிறியள். நான் கண்டனான்."

"அது பிழையா நடந்தது."

"அங்கை எல்லாரும் அறிஞ்சிட்டு என்னட்டை மறைக்கிறியள். நான் பொட்டு வைக்கிறதோ விடுறதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சாவுச் செய்தியைத் தூரத்தில் இருப்பவரிடம் தவணை முறையில் சொல்வது எங்கள் வழக்கம். முதலில் "நோய் கடுமை" என்போம்; பிறகுதான் உண்மை வரும். அந்த வழக்கத்தை அண்ணி நன்கு அறிவார். ஆகவே நான் மறுக்க மறுக்க அவருடைய சந்தேகம் உறுதிப்படுகிறது. ஒன்பது நாட்களாக அவர் என் சொல்லை நம்பவில்லை. அண்ணரைப் படையினர் பேருந்தில் ஏற்றியதைக் கண்ணால் கண்டவர் அவர். பதினாறு ஆண்டுகளாக ஒவ்வொரு அலுவலகத்திலும் "இறப்புச் சான்றிதழ் தருகிறோம்" என்றவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லி வந்தவரும் அவர்தான்.

பற்றை விடு என்கிறது பௌத்தம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் விடுவது, பிடித்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் நிற்பவர் விரல்களைப் பிரித்துப் பறித்தால் அது துறவு ஆகாது, பறிப்புத்தான். கோபம் எழும்போது "இது கோபம்" என்று அறிய வேண்டும் என்பது நான் கற்ற பயிற்சி. அறிந்தேன். அது போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

இந்த மடத்துக்குப் போகிறவர்களுக்கு: பெற்றோலை வோர்க்வர்த்திலேயே நிரப்புங்கள் (எங்களுக்கு 62 டொலர்). கழற்றி மாட்ட எளிதான செருப்பு அணியுங்கள். நண்பர்களோடு போனால், பட்டியலில் எந்தெந்தப் பெயர் இருக்கிறது என்று வாசிக்குமுன் கேளுங்கள். சடங்கைப் படம் பிடிக்க வேண்டாம்.

செந்தில் மறுநாளே காணொளியை நீக்கி, என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். இறந்தவருக்கும் காணாமல் ஆக்கப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும். அவரோடு எனக்குக் கணக்கில்லை.

ரவி, உனக்கு வித்தியாசம் தெரியும். நீ எங்கள் ஊர். ஆகவே அண்ணிக்கு நீ உன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். பெயரைக் கொடுத்தது நீ என்றும், எனக்குத் தெரியாமல் கொடுத்தாய் என்றும், அண்ணர் இறந்ததாக உனக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை என்றும் அதில் இருக்க வேண்டும். "நல்லெண்ணத்தில்" என்ற சொல் இருக்கக் கூடாது. என் வார்த்தையை அவர் இனி ஏற்கமாட்டார். பெயர் கொடுத்தவனின் வார்த்தையை ஏற்கக்கூடும்.

கடிதத்தின் பிரதியும், அதை அனுப்பிய தபால் பற்றுச்சீட்டும், எழுத்து மூலமான உன் பதிலோடு, 30 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணிக்குள் என் கைக்கு வர வேண்டும். பொம்மைகளைப் பதிலாக ஏற்கமாட்டேன்.

17 நவம்பர் 2025, ஒனிஹங்கா