முனகலின் பெயர்

என் மகளுக்குக் குடல்வால் ஆப்பரேஷன் காரைக்குடி ஆஸ்பத்திரியில் நடந்தது. வராந்தாவில் என்னோடு காத்திருந்தவர் ஓர் அரபி ஆசிரியர். அவர் மனைவி எதிர் அறையில் படுத்திருந்தார். எந்த அறையில் முனகல் கேட்டாலும் பனைவிசிறியை நிறுத்தி, அதற்கான அரபிச் சொல்லைச் சொல்வார்.

“இது அனீன், நோவுல முனகுறது. இது ஸஃபீர், பெருமூச்சு. பயப்படாதீக.”

திடீரென்று பெரிதாக ஒரு முனகல் கேட்டது. துள்ளி எழுந்தேன். “ஐயோ, என் மகளா?”

“பிள்ளை நல்லாத் தூங்குது. இப்ப முனகுனது நீங்கதான்.”

“இதுக்கு என்ன பேரு?”

“யோசிக்கிறதுக்குள்ள அடுத்ததைப் போட்டுடுறீகளே!”

பட்டதாரி என்பதையும் மறந்து இன்னொரு முனகல் போட்டேன்.

அப்போது எதிர் அறையில் அவர் மனைவி முனகினார். விசிறி நின்றது. சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் அதற்குப் பெயர் சொல்லாமலே எழுந்து அந்த அறைக்கு ஓடினார். என் முனகலும் அத்தோடு நின்றுபோனது.