நாவுல பஸ்ஸில் ஓர் உரப்பை

மாத்தளையில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு காலை, முதல் பாடவேளை. ‘வாசகரின் ஆவலைத் தூண்டும் உத்திகள்’ என்று கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது உத்திக்கு வரும்போது கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த இருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். முன்னால் இருந்தவள் என் சேலைக் கரையில் இருந்த மாங்காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாவுலவிலிருந்து வரும் மாணவி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் லேட்?"

"பஸ்ஸ நடுவழியில நிப்பாட்டிட்டாங்க டீச்சர். ஒருத்தர் சீட்டுக்கடியில உரப்பை ஒண்ணு வச்சிருந்தாரு. அது அசைஞ்சிச்சு."

கடைசி வாங்கு நிமிர்ந்தது.

"உள்ள என்ன இருந்திச்சு?" என்றேன்.

"கேட்டா அவரு வாயே தொறக்கல டீச்சர். பக்கத்துல இருந்த ஒரு அம்மா கால ரெண்டையும் தூக்கி சீட்டு மேல வச்சிக்கிட்டாங்க. கண்டக்டர் குனிஞ்சு பார்த்தாரு. நேரா போய் டிரைவர் காதுல என்னமோ சொன்னாரு. டிரைவர் பஸ்ஸ நிப்பாட்டிட்டு, அவருதான் மொதல்ல இறங்கினாரு."

மணி அடித்தது. யாரும் அசையவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியர் வாசலில் நின்று கேட்டவர், மெதுவாக உள்ளே வந்து ஒரு வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி பிள்ள, பைக்குள்ள என்ன?" என்று கேட்டவரும் அவர்தான்.

"தெரியாது சேர். பின்னால வந்த பஸ்ல ஏறி நான் வந்துட்டேன்."

வகுப்பு முழுக்கப் பெருமூச்சு விட்டது. நான் பலகையை அழித்தேன். "மிச்சத்த நாளைக்கு எழுதிட்டு வாங்க."

வீட்டுவேலை என்றால் சாக்குச் சொல்லும் கடைசி வாங்கும் மறுநாள் கொப்பியை நீட்டியது. உடும்பு, மலைப்பாம்பு, களவெடுத்த சேவல். ஒருத்தியின் கதையில் பைக்குள் இன்னொரு கண்டக்டர் இருந்தார்.

கொப்பிகளுக்கு நடுவே மடித்த தாள் ஒன்று. கணித ஆசிரியரின் கையெழுத்து. ‘பைக்குள் இருந்தது முள்ளம்பன்றி’ என்று தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் எதற்கு என்றே விளங்கவில்லை. ‘விடையை முதல் வரியிலேயே தந்துவிட்டீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் புதிய தாளொன்றை என் முன்னால் வைத்தார். ஒரே மூச்சில் வாசித்தேன். டிரைவர் இறங்கி ஓடும் இடத்தில் தாள் முடிந்திருந்தது.

"மிச்சம் எங்க சேர்?"

"இன்னும் எழுதல டீச்சர்," என்று சாவதானமாகச் சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தில், அன்று எடுக்க வேண்டிய இலக்கணப் பாடத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.